நான் பதிவே போடுவதில்லை, ஃபேஸ்புக்கில் என் தகவல் பாதுகாப்பாகத்தானே இருக்கும்?

அப்படிச் சொல்லிவிட முடியாது. நீங்கள் வாயே திறக்காவிட்டாலும் நண்பர் வழியாக உங்கள் தகவல் வெளியே போகலாம். கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற பிரிட்டிஷ் அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரத்தில் நடந்தது அதுதான். ஆளுமையைக் கணித்துச் சொல்லும் ஒரு செயலியை இந்தியாவில் நிறுவியவர்கள் வெறும் 335 பேர். அவர்களின் நண்பர்களையும் சேர்த்து 5,62,455 பேரின் தகவல் அந்த நிறுவனத்துக்குப் போயிருக்கலாம் என்று 2018இல் ஃபேஸ்புக்கே சொன்னது. அந்த நண்பர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அந்த வழியை அடைத்துவிட்டார்கள், சரி. ஆனால் உங்கள் சித்தப்பா தன் போனில் இருக்கும் தொடர்புகளைப் பதிவேற்றச் சம்மதித்தால் உங்கள் எண்ணும் சேர்ந்தே போகும்.

அதற்காகக் கணக்கை மூடச் சொல்ல மாட்டேன். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் படகு எங்கே தேவை, சாப்பாடு எங்கே கிடைக்கும் என்பது பலருக்கும் ட்விட்டர், ஃபேஸ்புக் வழியாகத்தான் தெரிந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் வீட்டு முகவரியும் கைபேசி எண்ணும் போட்டே ஆக வேண்டும். ஆபத்து நீங்கியதும் மறக்காமல் அழித்துவிடுங்கள்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் படத்தை வழக்கம்போல அனுப்பினால் எடுத்த இடத்தின் விவரம் நீங்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அதுவும் கூடவே போகும். குழந்தையின் படம் என்றால் பள்ளி பேட்ஜும் தெரியக் கூடாது.