புஜாரா ஆடிய 16,217 பந்துகள்: வாசகர் கேள்வி பதில்

2025 ஆகஸ்ட் 24 அன்று இந்திய பேட்ஸ்மேன் சேதேஷ்வர் புஜாரா எல்லா வகை கிரிக்கெட்டிலிருந்தும் ஓய்வு என்று அறிவித்தார். அதைத் தொட்டு வந்த கேள்விகளுக்கே இந்த முறை பக்கம் முழுவதையும் ஒதுக்கிவிட்டோம்.

103 டெஸ்ட், 7,195 ரன், சராசரி 43.60, 19 சதம். நல்ல கணக்குதான். ஆனால் இதைவிடப் பெரிய கணக்கு வைத்திருப்பவர்கள் நம் நாட்டிலேயே பலர் இருக்கிறார்களே, இவரை மட்டும் ஏன் இப்படிக் கொண்டாடுகிறீர்கள்? (மதுரை வாசகர்)

ரன்னை மட்டும் வைத்து எடை போட்டால் உங்கள் கேள்வி நியாயம்தான். நான் பார்ப்பது வேறு எண்ணை: 16,217. டெஸ்டில் அவர் ஆடிய பந்துகள் அத்தனை. 2018-19 ஆஸ்திரேலியத் தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். அடிலெய்டில் 123, மெல்போர்னில் 106, சிட்னியில் 193 என்று மூன்று சதம், மொத்தம் 521 ரன், தொடர் நாயகன் விருது, ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியாவுக்கு முதல் தொடர் வெற்றி, இதெல்லாம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த 521 ரன்னுக்கு அவர் ஆடியது 1,258 பந்துகள். அதாவது 200 ஓவருக்கும் மேல், இவர் ஒருத்தருக்கு மட்டும்! ஸ்டார்க், ஹேசில்வுட், கம்மின்ஸ், லயன் என்று நான்கு டெஸ்டிலும் அதே நாலு பேர்தான் ஓடி வந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது டெஸ்டுக்கு வரும்போது அவர்கள் கால் எப்படி இருந்திருக்கும்? அந்தக் களைப்பின் பலன் புஜாராவின் கணக்கில் ஏறாது, பின்னால் வந்து அடித்தவர் கணக்கில்தான் ஏறும். ஸ்கோர்கார்டில் அதற்கென்று தனிக் கட்டம் கிடையாது, அதனால்தான் நாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, 2017 ராஞ்சி. ஆஸ்திரேலியா முதலில் ஆடி 451. புஜாரா 525 பந்தில் 202. ஒரே டெஸ்ட் இன்னிங்ஸில் ஓர் இந்தியர் 500 பந்துக்கு மேல் ஆடியது அதுதான் முதல் முறை, ராவல்பிண்டியில் டிராவிட் 270 எடுத்தபோது ஆடிய 495 பந்துதான் அதுவரை உச்சம். விருத்திமான் சாஹாவும் நின்று 117 எடுக்க, இந்தியா 210 ஓவர் ஆடி 603. ஆஸ்திரேலிய சுழற்பந்து வீச்சாளர் ஸ்டீவ் ஓகீஃப் அந்த ஒரே இன்னிங்ஸில் 77 ஓவர் போட்டார். மேட்ச் டிராதான், கடைசி நாளில் ஷான் மார்ஷும் ஹேண்ட்ஸ்கோம்பும் கட்டை போட்டுத் தப்பித்துவிட்டார்கள். அடுத்த டெஸ்ட் தர்மசாலாவில், நாம் ஜெயித்துத் தொடரை 2-1 என்று முடித்தோம்.

தெருவில் யாராவது இப்படி டொக்கு வைத்தால் அடுத்த ஓவருக்கு பேட்டைப் பிடுங்கிவிடுவோம். இவர் டொக்கு வைத்து டொக்கு வைத்தே எதிர் முனையில் நிற்பவரை அவுட் ஆக்குகிறார் என்று வர்ணனையாளர்களே சொன்னார்களே? (திருச்சி, கல்லூரி மாணவர்)

சொன்னார்கள். சில நாள் அது உண்மையும்கூட. 2021 ஜனவரியில் சிட்னி டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் 176 பந்தில் 50 எடுத்தார், இந்தியா 244க்குச் சுருண்டது. அன்றைக்கு அவர் ஒன்று இரண்டாகவாவது இன்னும் கொஞ்சம் ஓட்டியிருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அதே டெஸ்டின் கடைசி நாளைப் பாருங்கள். புஜாரா 205 பந்தில் 77, எதிர் முனையில் ரிஷப் பந்த் 97. ஒருத்தர் அசையாமல் நிற்கிறார் என்ற தைரியத்தில்தான் இன்னொருத்தர் லயனை இறங்கி இறங்கி அடித்தார். இரண்டு பேரும் போன பிறகு நம்ம அஷ்வின் முதுகு வலியோடு 128 பந்தும், விஹாரி தொடைத் தசை கிழிந்த நிலையில் 161 பந்தும் நின்று மேட்சைக் காப்பாற்றினார்கள். அன்றைக்கு அந்த இருவர் செய்ததும் டொக்குதான், நாடே எழுந்து நின்று கைதட்டியது.

அடுத்தது பிரிஸ்பேன். ஆஸ்திரேலியா அங்குள்ள காபா மைதானத்தில் 1988க்குப் பிறகு அதுவரை டெஸ்ட் தோற்றதே இல்லை. வெற்றிக்கு 328. புஜாரா 211 பந்தில் 56. ஹெல்மெட், தோள், விலா, கை விரல் என்று பத்து முறைக்கு மேல் அடி வாங்கினார். விரலில் பட்டபோது மட்டையை விட்டுவிட்டுத் தரையில் விழுந்துவிட்டார், டிவியில் பார்த்த எனக்கே வயிற்றைப் பிசைந்தது. ஒரு முனையில் பந்து துள்ளி எழும்பிக்கொண்டிருந்தது, மட்டையை உயர்த்தினால் கிளவுஸில் பட்டு கேட்ச் போகும், அதனால் மட்டையைத் தாழ்த்தி உடம்பில் வாங்கிக்கொண்டார். தெரிந்தே எடுத்த முடிவு அது. மறுமுனையில் கில் 91 அடித்தார். புஜாரா அவுட் ஆனது ஆஸ்திரேலியா 80 ஓவர் முடிந்து இரண்டாவது புதுப்பந்தை எடுத்த பிறகு. அதற்குள் அதே நாலு பேரும் தொடர் முழுக்கப் போட்டுக் களைத்திருந்தார்கள், ஸ்டார்க்குக்குத் தொடைத் தசைப் பிரச்சினை வேறு. பந்த் 89 நாட் அவுட், இந்தியா மூன்று விக்கெட்டில் வெற்றி. ரிஷப் பந்தின் அந்த ஆட்டத்தை ஒரு துளிகூடக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் காலையிலிருந்து வாங்கிய அந்த அடிகள் இல்லாமல் மாலையில் அந்த வெற்றி கிடையாது.

இவருக்கு அடிக்கவே வராதா? (ஈரோடு வாசகி)

வரும். 2022இல் இங்கிலாந்தின் 50 ஓவர் போட்டியில் சசெக்ஸ் அணிக்காக ஒரு ஆட்டத்தில் 79 பந்தில் 107, அடுத்ததில் 131 பந்தில் 174. அந்தப் போட்டி முழுவதும் சேர்த்து 624 ரன்.

அவருடைய அப்பாதான் கோச் என்று படித்தேன். அந்தக் கதையைச் சொல்லுங்களேன். (நாகர்கோவில் வாசகர்)

அப்பா அரவிந்த் புஜாரா சௌராஷ்டிராவுக்காக ரஞ்சி ஆடியவர், ரயில்வே ஊழியர். ராஜ்கோட்டில் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாழ்க்கை, ரயில்வே மைதானத்தில் பயிற்சி, ஒரே பிள்ளை. அப்பா தட்டிக்கொடுத்து வளர்க்கிற ரகமில்லை, ரொம்பக் கண்டிப்பு. பொறுமையாகப் பக்கத்தில் இருந்தது அம்மா ரீனா. 2005இல் அவர் புற்றுநோயில் இறந்தபோது பையனுக்கு 17 வயது. அடுத்த சில மாதங்களில், 2006 தொடக்கத்தில், இலங்கையில் 19 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை. அதில் 349 ரன் எடுத்துத் தொடர் நாயகன் ஆனார். ரோஹித் சர்மா, ஜடேஜா எல்லாம் அதே அணிதான்.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. கூட ஆடிய ரோஹித் அடுத்த ஆண்டே இந்திய அணிக்குப் போய்விட்டார், இவர் ரஞ்சியில் ஆடிக்கொண்டே இருந்தார். 2008இல் ஒடிசாவுக்கு எதிராக 302 நாட் அவுட். அப்படியும் வாய்ப்பு வந்தது 2010 அக்டோபரில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக பெங்களூரில். முதல் இன்னிங்ஸில் 4 ரன். இரண்டாவது இன்னிங்ஸில் 207 துரத்தும்போது டிராவிடைக் கீழே இறக்கி, புதுப் பையனை மூன்றாவது இடத்தில் அனுப்பினார் தோனி. 89 பந்தில் 72. அதாவது கட்டை போடுபவர் என்று பேர் வாங்கியவரின் முதல் நல்ல இன்னிங்ஸே வேகமான இன்னிங்ஸ்தான். பிறகு முழங்கால் காயம், இது ஏற்கெனவே 2009இல் ஒருமுறை அறுவை சிகிச்சை வரை கொண்டுபோன தொல்லை. 2012இல் திரும்பி வந்து ஹைதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிராக 159, அகமதாபாத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 206 நாட் அவுட். அங்கிருந்துதான் மூன்றாம் இடம் அவருடையது ஆனது.

டிராவிடுக்குச் சமமா? (கோவை வாசகர்)

இல்லை. டிராவிட் 13,288 ரன், சராசரி 52.31, வெளிநாட்டில் எங்கே போனாலும் எடுத்தார். புஜாராவுக்கு இங்கிலாந்திலும் தென்னாப்பிரிக்காவிலும் கணக்கு சாதாரணம்தான், சவுத்தாம்ப்டன் 132 நாட் அவுட், ஜோகன்னஸ்பர்க் 153 மாதிரி சில பெரிய இன்னிங்ஸ் தவிர. உள்ளே வரும் பந்து மட்டைக்கும் பேடுக்கும் நடுவில் புகுந்துவிடும், பிற்காலத்தில் முன்னால் சாய்ந்து தடுக்கும்போது கீப்பருக்கோ ஸ்லிப்புக்கோ எட்ஜ் போகும். ஆனால் சுழலுக்கு எதிராக, அதுவும் பந்து திரும்பும் களத்தில், இறங்கி வருவதா பின்னால் போவதா என்று அவர் எடுத்த முடிவுகளை டிராவிடுக்குப் பக்கத்தில் தாராளமாக வைக்கலாம்.

சென்னைக்கும் அவருக்கும் என்ன தொடர்பு? சிஎஸ்கேவில் இருந்தார்தானே? (சென்னை வாசகர்)

2021 ஏலத்தில் 50 லட்ச ரூபாய்க்கு எடுத்தார்கள், அறையில் இருந்த எல்லா அணிக்காரர்களும் கைதட்டினார்கள். ஒரு மேட்ச்கூட ஆடவில்லை, அந்த ஆண்டு சிஎஸ்கே கோப்பையை வென்றது. ஐபிஎல்லில் அவர் கடைசியாகக் களம் இறங்கியது 2014இல், பஞ்சாப் அணிக்கு.

எனக்கு அந்தக் கைதட்டலைக் கேட்டுச் சந்தோஷம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. பிரிஸ்பேன் வெற்றி முடிந்து அப்போது ஒரு மாதம். ஒருவருக்கு மரியாதை செய்ய வேண்டுமென்றால் அவர் ஆடுகிற ஆட்டத்துக்குச் செய்ய வேண்டும். டெஸ்டை மட்டும் நம்பியிருக்கிறவருக்கு ஒரு மேட்சுக்கு 15 லட்சம், அதுவும் ஆண்டுக்குப் பத்து டெஸ்ட் கிடைத்தால் பெரிது. ஒரு சீசனில் பெரும்பாலான டெஸ்டுகளை ஆடுபவருக்கு மேட்சுக்கு 45 லட்சம் வரை கூடுதலாகத் தரும் திட்டத்தை இந்திய கிரிக்கெட் வாரியம் அறிவித்தது 2024 மார்ச்சில், அவர் கடைசி டெஸ்ட் ஆடி முடித்த பிறகு.

சென்னை என்றால் எனக்கு முதலில் வருவது முரளி விஜய். 2013இல் ஹைதராபாத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இருவரும் சேர்ந்து 370 ரன் கூட்டணி, புஜாரா 204, விஜய் 167. வெளியே போகும் பந்தைத் தொடாமல் விடுவதில் இரண்டு பேரும் கெட்டி. அப்புறம் 2021 சேப்பாக்கம், இங்கிலாந்துக்கு எதிராக 73. நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர் இழுத்து அடித்த பந்து, பக்கத்தில் நின்ற ஃபீல்டரின் தோளில் பட்டு எகிறி இன்னொருவர் கையில் போய் விழுந்தது.

அவரை வெளியே அனுப்பியது சரியா? (வேலூர் வாசகர்)

வயது 35, நான்கு ஆண்டில் ஒரே சதம். சிட்னி 193க்குப் பிறகு அடுத்த சதத்துக்கு 2022 டிசம்பர் வரை, வங்கதேசத்தில் 102 நாட் அவுட் எடுக்கும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே எடுத்தது தப்பில்லை. எடுத்த விதம்தான் தப்பு. 2023 ஜூனில் ஓவலில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் தோற்றோம், முன்வரிசை மொத்தமும் சொதப்பியது. அடுத்த மேற்கிந்தியத் தீவுகள் பயணத்தில் மூத்த பேட்ஸ்மேன்களில் இவர் பெயர் மட்டும் இல்லை. தோல்விக்கு ஒருவரைப் பொறுப்பாளியாகக் காட்டிய மாதிரி இருந்தது. 2022 தொடக்கத்தில் ஒருமுறை கழற்றிவிட்டபோது இங்கிலாந்தின் கவுன்டி கிரிக்கெட்டுக்குப் போய் ரன் குவித்துத் திரும்ப வந்தார் (அந்த சீசன் முழுவதும் 8 மேட்சில் 1,094 ரன்), இந்த முறை ரஞ்சியில் ரன் எடுத்தும் யாரும் கூப்பிடவில்லை. அந்த ஓவல் டெஸ்டில் முதல் இன்னிங்ஸில் பந்தைத் தொடாமல் விட்டு போல்டு ஆனார், இரண்டாவதில் அவர் எப்போதும் ஆடாத ஒரு ஷாட், கீப்பருக்கு மேல் தூக்கிவிடப் பார்த்து 27இல் அவுட். நூறு டெஸ்ட் ஆடியவருக்குச் சொந்த ஊரில் ஒரு கடைசி டெஸ்ட் கொடுத்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

என் மகனுக்கு 12 வயது. அகாடமியில் தடுத்து ஆடினால் கோச் திட்டுகிறார், புஜாரா மாதிரி ஆடினால் எதிர்காலம் இல்லை என்கிறார். என்ன செய்வது? (தஞ்சாவூர், ஒரு தாய்)

கோச் சொல்வதில் பாதி சரி, இன்றைக்கு அடிக்கத் தெரியாமல் மேலே போவது கஷ்டம், அதையும் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் நல்ல பந்தைத் தடுக்கத் தெரிந்த கையை மாற்றச் சொல்லாதீர்கள். அவன் மட்டை உடம்புக்குப் பக்கத்தில், கண்ணுக்கு நேர்கீழே பந்தைச் சந்திக்கிறதா என்று மட்டும் யாராவது பார்த்துச் சொல்லட்டும். அது சரியாக இருந்தால் வேகத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், அம்மா. தடுப்பைப் பிறகு சேர்ப்பதுதான் கடினம்.

அவருடைய ஒரே ஒரு இன்னிங்ஸைப் பார்க்கலாம் என்றால் எதை? (சேலம் வாசகி)

அடிலெய்ட், 2018 டிசம்பர் 6, முதல் நாள். ஹைலைட்ஸில் வேண்டாம், அதில் அவர் தொட்ட பவுண்டரி மட்டும் இருக்கும், விட்ட பந்தெல்லாம் வெட்டப்பட்டிருக்கும். நீளமான வீடியோவாகத் தேடிப் பாருங்கள். 41 ரன்னுக்கு 4 விக்கெட் போன பிறகு ஒவ்வொருத்தராக வந்து அடிக்கப் பார்த்து அவுட் ஆகிறார்கள், இவர் மட்டும் நிற்கிறார். கடைசியில் துணைக்கு ஆள் இல்லை என்று தெரிந்ததும் ஹேசில்வுட்டை சிக்ஸர் அடிக்கிறார். 123இல் கம்மின்ஸ் ஓடி வந்து நேரடியாக ஸ்டம்பை அடித்து ரன் அவுட் ஆக்க, அன்றைய ஆட்டம் அத்தோடு முடிந்தது. இந்தியா 250. அந்த டெஸ்டை 31 ரன்னில் ஜெயித்தோம்.