பயாப்சி முடிவு வரும் முன் வயலை விற்காதீர்கள்

கேள்வி: "திருத்துறைப்பூண்டி அருகே ஒன்பது மா (மூன்று ஏக்கர்) நஞ்சையில் விவசாயம் செய்கிறேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பள்ளிக் கபடி அணியில் விளையாடுபவள். மூன்று மாதமாக வலது முழங்காலுக்குச் சற்று மேலே வலி. விளையாட்டில் பட்ட அடி என்று எண்ணெய் போட்டு உருவிக் கட்டுக் கட்டினோம். வீக்கம் வற்றவில்லை, இரவில் வலி தாங்காமல் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். போன வாரம் எக்ஸ்ரே பார்த்த மருத்துவர், எலும்பில் கட்டி போலத் தெரிகிறது, எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் பயாப்சியும் (கட்டியிலிருந்து ஊசியால் சிறிது சதை எடுத்துச் சோதிப்பது) வேண்டும் என்றார். ஒரு தனியார் மருத்துவமனையில் விசாரித்ததில் மொத்தம் பன்னிரண்டு லட்சம் ஆகலாம் என்றார்கள். எங்களிடம் இருப்பது மனைவியின் 22 சவரன் நகை, மகள் பெயரில் செல்வமகள் கணக்கில் மூன்று லட்சம், பதினொரு மாதம் கட்டியிருக்கும் இரண்டு லட்ச ரூபாய்ச் சீட்டு. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் நிற்கிறது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வயலைக் கேட்கிறார். புதன்கிழமை அட்வான்ஸ் தருகிறேன் என்கிறார். நிலம் இருப்பதால் அரசுக் காப்பீட்டு அட்டை கிடைக்காது என்று ஊரில் சொல்கிறார்கள். உடனே ஒரு தனியார் பாலிசி எடுத்துவிடலாம் என்பது மைத்துனரின் யோசனை. என்ன செய்யட்டும் ஐயா?"

பதில்: புதன்கிழமை அட்வான்ஸ் வாங்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒப்பந்தம் எழுதி முன்பணம் வாங்கிவிட்டால், பிறகு மனம் மாறினாலும் அவர் கோர்ட்டுக்குப் போகலாம். மகளை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு வாய்தாவுக்கு அலையும் நிலை உங்களுக்கு வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் பன்னிரண்டு லட்சம் என்ற தொகை இருக்கிறது. ஆனால் நோய்க்கு இன்னும் பெயர் இல்லை. பெயர் தெரியாத நோய்க்கு யார் சொன்ன தொகை அது? இந்த வயதில், முழங்காலை ஒட்டி, இரவில் எழுப்பும் வலியோடு வீக்கம் என்றால் மருத்துவர்கள் முதலில் அஞ்சுவது ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றை. அது சரியான அச்சம்தான், தள்ளிப்போடக் கூடாது. ஆனால் அதே இடத்தில் யூவிங் சார்கோமா என்ற வேறு வகை எலும்புப் புற்றும் வரலாம். இரத்தம் நிறைந்த நீர்க்கட்டி போன்ற, புற்றல்லாத கட்டியும் வரலாம். எலும்பில் சீழ் பிடித்தாலும் எக்ஸ்ரேயில் கட்டியைப் போலவே தோன்றுவதுண்டு. சீழ் என்றால் சுத்தம் செய்து சில வாரங்கள் மருந்து. புற்றல்லாத கட்டி என்றால் பெரும்பாலும் சுரண்டி எடுத்துக் குழியை நிரப்பும் அறுவை சிகிச்சையோடு முடியும். ஆஸ்டியோசார்கோமா என்றால் இரண்டு மூன்று மாதம் கீமோதெரபி, பிறகு அறுவை சிகிச்சை, மறுபடியும் கீமோ என்று எட்டு ஒன்பது மாதம் ஓடிவிடும். யூவிங் என்றால் ஓர் ஆண்டை நெருங்கும், கதிர்வீச்சும் சேரலாம். பில் ஒவ்வொன்றுக்கும் வேறு. எதற்கென்று தெரியாமல் மூன்று ஏக்கரை எப்படி விற்பது?

என் ஒன்றுவிட்ட அண்ணன் கதையைச் சொல்கிறேன். பாபநாசம் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். தொடையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி, வலி கிடையாது. கொழுப்புக் கட்டி என்று சொல்லி ஒரு சிறிய கிளினிக்கில் அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். ஸ்கேன் இல்லை, எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பவும் இல்லை. ஐந்து மாதத்தில் அதே தழும்பில் கட்டி மீண்டும் எழும்பியது. இந்த முறை மென்திசுப் புற்று என்று தெரிந்தது. முதலில் கத்தி போட்ட இடம் முழுவதையும் சுற்றுச் சதையோடு எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு கதிர்வீச்சு. நான்கு மா நிலம் போயிற்று. கணக்குப் பார்க்க என்னிடம் அவர் கொண்டுவந்த மஞ்சள் பையில் பில்கள் தேதிவாரியாக ஊக்கு குத்தி இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே அந்த முதல் பில்: 'சிறு அறுவை சிகிச்சை'. அந்தப் பையிலேயே மிகச் சிறிய தொகை அதுதான். கொழுப்புக் கட்டிகளில் பெரும்பாலானவை வெறும் கொழுப்புக் கட்டிகள்தான், பயப்பட வேண்டாம். ஆனால் ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டியது, வளர்ந்துகொண்டே போவது, சதைக்கு அடியில் ஆழமாக இருப்பது என்றால் ஸ்கேன் எடுக்காமல் யாரையும் கத்தி வைக்க விடாதீர்கள்.

உங்கள் மகளுக்கும் இதே நியாயம்தான். பயாப்சியை எங்கே வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், சிகிச்சைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று எண்ணாதீர்கள். கடைசியில் அறுவை சிகிச்சை செய்யப்போகும் குழுவே பயாப்சியையும் செய்ய வேண்டும். ஊசி போன பாதையில் புற்றணுக்கள் ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், பின்னால் அந்தப் பாதையையும் சேர்த்து வெட்டி எடுப்பார்கள். தவறான பக்கம் ஊசி போட்டால், காப்பாற்றியிருக்கக்கூடிய காலையே இழக்க நேரிடலாம். எம்.ஆர்.ஐ.யும் பயாப்சிக்கு முன்பே எடுக்கப்பட வேண்டும், தொடை எலும்பு முழுவதும் தெரியும்படி. நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். இவற்றின் செலவு மொத்தச் சிகிச்சையில் சொற்பம். ஆனால் இங்கே ஒரு தப்பு நடந்தால் அதன் விலை பல மடங்கு.

உருவுவதையும் கட்டுக் கட்டுவதையும் இன்றே நிறுத்திவிடுங்கள். அவள் அந்தக் காலை ஊன்றாமல் ஊன்றுகோலோடு நடக்கட்டும். கட்டி அரித்த எலும்பு இலேசான தடுக்கலில் முறிந்துவிடும். முறிந்தால் சிகிச்சையும் சிக்கலாகும், செலவும் ஏறும். பணம் பற்றி எழுதுபவன் இதையெல்லாம் ஏன் சொல்கிறான் என்று நினைக்கலாம். உங்கள் வரவுசெலவில் மிகப் பெரிய தொகையைத் தீர்மானிக்கப்போவது இதுதான்.

இனி அட்டை. நிலம் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு கிடைக்காது என்பது திண்ணைப் பேச்சு. அங்கே பார்ப்பது குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிறதா என்பதை. உழவுக் கூலி, நடவுக் கூலி, உரம், அறுவடை இயந்திர வாடகை எல்லாம் போக ஒன்பது மாவில் உங்களுக்கு மிஞ்சுவது எவ்வளவு என்பது உங்கள் கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரியும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு திருவாரூர் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்கள். புதன்கிழமையை இதற்குச் செலவிடுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஏற்கெனவே இருக்கும் நோய் என்று தள்ளமாட்டார்கள். சிகிச்சை ஓர் ஆண்டைத் தாண்டினால் மறு ஆண்டுத் தொகை புதிதாகத் தொடங்கும். அட்டை இருக்க வேண்டியது சேர்க்கைக்கு முன்னால். இது ரொக்கமில்லாத் திட்டம். மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு மேசை முன்அனுமதி வாங்கித்தான் தொடங்கும். கையிலிருந்து பணம் கட்டிச் சேர்ந்துவிட்டு, பிறகு அட்டையைக் காட்டித் திரும்ப வாங்குவது குதிரைக் கொம்பு.

இடம்? முதலில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எக்ஸ்ரேயோடு போய்ப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். எலும்புக் கட்டிகளையே தொடர்ந்து பார்க்கும் குழு சென்னையில் கிடைக்கும்: ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம். முன்பெல்லாம் இந்த நோய் என்றால் காலை எடுத்துவிடுவார்கள். இப்போது கட்டியுள்ள எலும்பை வெட்டிவிட்டு உலோக மூட்டைப் பொருத்திக் காலைக் காப்பாற்றுவது வழக்கமாகிவிட்டது. அந்த மூட்டு எந்த வகை, காப்பீட்டுத் தொகைக்குள் வருமா, மிச்சம் எவ்வளவு என்பதை அறுவை சிகிச்சைக்கு ஒரு மாதம் முன்பே எழுத்தில் கேளுங்கள். வளரும் பிள்ளை என்பதால் இதில் விலை வித்தியாசம் அதிகம்.

ஆக, சிகிச்சைக்கு அட்டை. அட்டை தாங்காத செலவு ஒன்று உண்டு. குடும்பங்கள் மூழ்குவது பெரும்பாலும் அதில்தான். சென்னையில் வாடகை அறை, இரண்டு பேர் சாப்பாடு, ஆட்டோ, பட்டியலில் இல்லாத மருந்து, ஊரில் நீங்கள் இல்லாததால் வயலுக்கு வைக்கும் ஆள் கூலி. என் மதிப்பில் மாதம் 25,000 ரூபாய், பத்து மாதத்துக்கு இரண்டரை லட்சம். எதிர்பாராததற்கு ஐம்பதாயிரம் சேர்த்து மூன்று லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இப்போது தேவைப்படும் பணம் இவ்வளவுதான், பன்னிரண்டு லட்சம் கிடையாது. இதில் பத்தாயிரம் ரூபாயை எப்போதும் ரொக்கமாக வீட்டில் வையுங்கள். கீமோவுக்குப் பிறகு ஊரில் இருக்கும்போது காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எதிர்ப்புச் சக்தி இறங்கியிருக்கும் நேரம், நள்ளிரவானாலும் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். அந்த நேரத்தில் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

மன்னார்குடியிலிருந்து எழும்பூர் போகும் மன்னை எக்ஸ்பிரஸில்தான் போய்வருவீர்கள் என்று நினைக்கிறேன். புற்றுநோய் என்று உறுதியானால் மருத்துவமனையில் ரயில் சலுகைப் படிவம் கேட்டு வாங்குங்கள். தூங்கும் வசதிப் பெட்டியில் நோயாளிக்குக் கட்டணமே இல்லை, உடன் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. யாரும் தாமாகச் சொல்லமாட்டார்கள்.

மூன்று லட்சத்துக்கு நகை. வெளியில் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 9,000, வருடம் 1,08,000. கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ ஒன்பதரை சதவீதம் என்று வைத்தாலும் வருடம் 28,500. 22 சவரனையும் ஒரே பொட்டலமாக வைத்துவிடாதீர்கள். ஆரம், வளையல், சங்கிலி என்று மூன்று தனித்தனிக் கடனாக, தேவைப்படும்போது ஒவ்வொன்றாக வையுங்கள். மீட்கும்போதும் ஒவ்வொன்றாக மீட்கலாம். தாலிச்சரடு வீட்டிலேயே இருக்கட்டும். உங்கள் மனைவிக்கு இந்த ஆண்டு அந்தத் தைரியம் வேண்டும்.

சங்கக் கடனைத் தவணை தவறவிடாதீர்கள். கெடுவுக்குள் கட்டினால் வட்டி இல்லை. தவறினால் வட்டியும் ஏறும், அடுத்த பட்டத்துக்குக் கடனும் கிடைக்காது. குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு வரும் பணத்தில் முதல் செலவு சங்கத்துக்கு.

செல்வமகள் கணக்கைத் தொடங்கி ஐந்து ஆண்டு ஆகியிருந்தால், கணக்குக்கு உரியவளின் உயிருக்கு ஆபத்தான நோய்க்காக முன்கூட்டியே முடிக்க விதி இருக்கிறது. ஆனால் அது 8.2 சதவீத வரியில்லா வட்டி தருகிறது. நகைக்கடன் அதைவிடச் சற்றே அதிகம். ஆகவே நகைக்குப் பிறகுதான் அது. நகையும் போதாமல் நிலமா செல்வமகளா என்ற கட்டம் வந்தால், யோசிக்காமல் கணக்கை முடியுங்கள். கல்யாணத்துக்குச் சேர்த்தது என்று கலங்க வேண்டாம், அது அவளுடைய பணம். அதற்கும் பிறகுதான் நிலம். அப்போதும் மூன்று மாவைப் பதிவுப் பத்திரத்தோடு ஒத்திக்கு விடுங்கள், கிரயம் வேண்டாம். அவசரத்துக்கு விற்பவனைப் பார்த்துத்தான் கேட்பவர் விலையைக் குறைக்கிறார்.

மைத்துனர் யோசனையை மறந்துவிடுங்கள். எக்ஸ்ரேயை மறைத்துப் பாலிசி எடுப்பது மோசடி. முதல் பில்லிலேயே தெரிந்துவிடும், கட்டிய பிரீமியமும் போகும். சொல்லி எடுத்தாலும் இருக்கும் நோய்க்கு 36 மாதம் வரை காத்திருப்பு வைப்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், கோபித்துக்கொள்ள வேண்டாம். எழும்பூரில் இறங்கி ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க ஓர் ஆள் வேண்டும், அவரைக் கேளுங்கள்.

கடைசியாகச் சீட்டு. இருபது மாதச் சீட்டில் பதினொன்று கட்டியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இப்போது பதறி ஏலம் கேட்டால் தள்ளுபடியில் கணிசமாகப் போகும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த பிறகு கேளுங்கள். அதற்குள் ஏலம் கேட்பவர்களும் குறைந்திருப்பார்கள், தள்ளுபடியும் இறங்கியிருக்கும். மூட்டுக்கு மேல்பணம் கேட்டால் அதில் கட்டலாம்.