‘குவாரன்டைன்’ என்ற சொல்லுக்கும் நாற்பது என்ற எண்ணுக்கும் என்ன தொடர்பு?

நோய் தொற்றியிருக்கலாம் என்று கருதப்படுவோரைத் தனித்து வைப்பதைக் குறிக்கும் ‘குவாரன்டைன்’, நாற்பது நாட்கள் என்று பொருள்படும் வெனிசிய மொழித் தொடரிலிருந்து பிறந்த சொல். பிளேக் என்னும் கொள்ளைநோய் ஐரோப்பாவை உலுக்கிய காலத்தில், இன்று டுப்ரோவ்னிக் எனப்படும் ரகுசா என்ற துறைமுக நகரம், நோய் பரவிய இடங்களிலிருந்து வருவோர் நகருக்குள் நுழையும் முன் 30 நாட்கள் வெளியே தங்கியிருக்க வேண்டும் என்று 1377ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. பின்னாளில் அது 40 நாட்களாக நீண்டபோதுதான் இப்பெயர் நிலைத்தது. நோய்க்குக் காரணமான பாக்டீரியாவை அலெக்சாந்தர் யெர்சின் கண்டறிந்தது 1894இல்தான். அதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே, நோய் உடலில் மறைந்திருந்து பின்னர் வெளிப்படக்கூடும் என்பதைக் கருத்தில் கொண்டு ஒரு நகர நிர்வாகம் செயல்பட்டிருக்கிறது என்பது எனக்குப் பெரும் வியப்பளிக்கிறது. பொதுவாக ஒரு வாரத்துக்குள் அறிகுறி காட்டும் அந்நோய்க்கு நாற்பது நாட்கள் தாராளமான கால அளவே. ஆயினும் அதைப் பரப்பிய எலிகளையும் தெள்ளுப்பூச்சிகளையும் அன்று எவரும் ஐயுறவில்லை.