மலையா, யார்டா?

கேள்வி: நண்பர்கள் நால்வர் சேர்ந்து மாடல் ரயில் லேஅவுட் (மேசைமேல் குட்டி ரயில் ஓடும் தடமும் காட்சியும்) அமைக்கப் போகிறோம். இடம் என் வீடு. அப்பாவின் கட்டிலைக் கூடத்துக்கு மாற்றி, அறையைக் காலி செய்தாயிற்று. 12 அடிக்கு 6 அடி மேசையைச் சுவரோடு ஒட்டிப் போடுவதாகத் திட்டம். ஒருவருக்குப் பின்மூலையில் மலையும் சுரங்கப்பாதையும் வேண்டும். இன்னொருவருக்குப் பெரிய யார்டு, அதாவது வண்டிகளை நிறுத்திப் பிரிக்கும் பல கிளைத் தடங்கள். ரயிலின் அளவிலும் தகராறு: மூன்று பேர் ஹெச்ஓ ஸ்கேல் என்கிறோம், ஒருவர் அதைவிடச் சின்னதான என்-ஸ்கேலை விட மாட்டேன் என்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் சண்டை. எப்படித் தீர்ப்பது?

பதில்: நான்கு பேருக்கும் என்னென்ன வேண்டும் என்று வரிசையாக எழுதத் தெரிந்த உங்களுக்கு, அப்பாவைப் பற்றி எழுத ஒரு வரிதான் கிடைத்தது. அதுவும் அவருடைய கட்டிலைப் பற்றி. அவர் என்ன சொன்னார்? முதலில், அவரைக் கேட்டீர்களா?

கூடத்தில் படுப்பவர் வீட்டில் கடைசி ஆள் விளக்கை அணைக்கும்வரை தூங்க முடியாது. பகலில் கொஞ்சம் கண்ணயரக் கதவைச் சாத்த முடியாது. சட்டை மாற்றக்கூட மற்றவர்கள் நகரக் காத்திருக்க வேண்டும். பெற்றவரை அவர் அறையிலிருந்து கிளப்ப எந்தப் பொழுதுபோக்குக்கும் உரிமை கிடையாது. இதில் நான் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஞாயிறு வரை காத்திருக்காதீர்கள். இன்று ராத்திரியே அவர் தன் அறையில் படுக்கட்டும்.

அந்த மேசையும் தப்பு. ஓரத்தில் நின்று கை நீட்டினால் இரண்டரை அடிக்கு மேல் வசதியாக எட்டாது. பின்மூலைச் சுரங்கத்தில் தடம் புரளும் வண்டியை யார், எப்படி எடுப்பது?

தனித்தனிப் பலகைகளாகச் செய்து பிறகு ஒன்றாகப் பூட்டும் மாட்யூல் முறைக்கு மாறுங்கள். ஆளுக்கொரு பலகை, 4 அடி நீளம், 2 அடி அகலம். அவரவர் வீட்டில் செய்துகொள்ளட்டும். தரையிலிருந்து தண்டவாளம் எவ்வளவு உயரம், முன்விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி, ஒயர் கனெக்டர் என்ன வகை என்பதை மட்டும் முதலில் எழுதி வைத்து, எல்லாரும் அதன்படியே செய்யுங்கள். மற்றதெல்லாம் அவரவர் இஷ்டம். யார்டு கேட்பவர் இரண்டு பலகை செய்யட்டும், நான்கடியில் யார்டு அடங்காது. மலை கேட்பவர் தண்டவாளத்தை மேலே ஏற்ற நினைக்க வேண்டாம். நூற்றுக்கு இரண்டு ஏற்றம் என்றால் நான்கடியில் ஓரங்குலம்கூட உயராது, அதற்குள் இறக்கவும் வேண்டும். தண்டவாளம் சமமாகவே போகட்டும். அதைச் சுற்றி மலையை எழுப்பட்டும்.

ஸ்கேல் விஷயத்தில் சமரசமே கிடையாது. ஹெச்ஓ தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ., என்-ஸ்கேல் 9 மி.மீ.; ஒன்றின் வண்டி மற்றதில் ஓடாது. அந்த நண்பர் தன் பலகையின் முன்பக்கம் உங்கள் ஹெச்ஓ பாதை போக இடம் விட்டு, பின்பக்கம் தன் என்-ஸ்கேல் வண்டியை (நிஜ ரயிலில் 160-ல் ஒரு பங்கு) ஓட்டலாம். பார்ப்பவர்களுக்கு அது தொலைவில் போகிற ரயிலாகத் தெரியும்.

பலகைகளைப் பூட்டி ஓட்டக் கூடம் போதும். முடிந்ததும் கழற்றி அவரவர் எடுத்துப் போகலாம். எந்த ஞாயிறு என்பதை அப்பாவிடம் கேட்டுவிட்டு நண்பர்களுக்குச் சொல்லுங்கள்.