மேனுவல் ஃபோகஸ்: நம்ம ஊர் வீடியோக்காரர்கள் கேட்டவை

கல்யாணம், கோயில் கொடை, பெருநாள் என்று நாகர்கோவிலைச் சுற்றி வீடியோ எடுக்கும் தம்பி தங்கைகள் சிலர், லென்ஸின் ரிங்கைத் திருகிக் கையால் ஃபோகஸ் வைப்பதில் வரும் சிக்கல்களைக் கேட்டிருந்தீர்கள். எனக்கும் இதெல்லாம் பட்டுத் தெரிந்ததுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

தக்கலை: அண்ணே, கேமரா திரையில் பளிச்சென்று இருக்கிறது. கம்ப்யூட்டரில் போட்டால் பொண்ணுடைய கம்மல் துல்லியம், கண் மங்கல். 50 எம்எம் லென்ஸ், எஃப் 1.8. லென்ஸ் பழுதா?

பழுது இல்லை தம்பி. ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவு சென்சார் உள்ள கேமராவில் 50 எம்எம்மை எஃப் 1.8 வரை திறந்து (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை அகலமாகும்), இரண்டு மீட்டரில் நிற்கிற ஆளை எடுத்தால் துல்லியமாக விழும் இடம் முன்னும் பின்னும் சேர்த்தே ஏறக்குறைய 11 செ.மீ.தான், அதாவது அரைச் சாண். பொண்ணு மாலையைச் சரிசெய்யக் குனிந்தாலே கண் அதைத் தாண்டிப் போய்விடும். எஃப் 4-க்கு வாருங்கள், 25 செ.மீ. கிடைக்கும். மண்டபத்தில் வெளிச்சம் போதாதே என்றால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, கூட்டுங்கள், படத்தில் வருகிற புள்ளிகளைப் பிறகு ஓரளவு சரிபண்ணலாம், ஃபோகஸ் போனால் போனதுதான்.

அப்புறம், அந்த மூன்று அங்குலத் திரையை அப்படியே நம்பாதீர்கள், சின்னத் திரையில் எல்லாமே துல்லியமாகத்தான் தெரியும். ரெக்கார்டை அழுத்தும் முன் படத்தைப் பெரிதாக்கி, கண் இமை முடியில் ஃபோகஸ் வையுங்கள். ரெக்கார்டு ஓடும்போது பெரிதாக்க விடாத கேமராக்களும் உண்டு, ஆகவே முன்கூட்டியே செய்துவிடுவது நல்லது. ஃபோகஸ் விழுந்த ஓரங்களைத் திரையில் நிறம் போட்டுக் காட்டும் பீக்கிங் வசதியைப் போட்டிருந்தால் அதன் அளவைக் குறைவில் வையுங்கள். அது கண்ணைத் தேடுவதில்லை, வெளிச்சமும் இருட்டும் வெட்டிக்கொள்ளும் ஓரங்களைத்தான் தேடுகிறது. கம்மலும் ஜரிகையும் அதை இழுத்துவிடும், உங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். லாகில், அதாவது பிறகு நிறம் சரிசெய்ய வசதியாக வெளிறலாகப் பதிவாகும் முறையில், எடுப்பவர்களுக்கு நேர் எதிரான தொல்லை: படமே வெளிறி இருப்பதால் பீக்கிங் சரியாகக் காட்டாது. திரையில் மட்டும் இயல்பான நிறத்தைக் காட்டும் வசதி இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

குளச்சல்: வள்ளம் கரையேறுவதை எடுக்கிறேன். வெயிலில் திரையே தெரியவில்லை, பீக்கிங் போட்டால் கடல் முழுக்கச் சிவப்பாக மின்னுகிறது.

அலையில் வெயில் பட்டுத் தெறிக்கும் ஒவ்வொரு பொட்டும் பீக்கிங்குக்கு ஒரு ஓரம்தான். அங்கே அதை அணைத்துவிடுங்கள். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இருந்தால் அதில் பாருங்கள், ஆனால் முதலில் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகைச் சுழற்றி, உள்ளே தெரியும் எழுத்துகள் உங்கள் கண்ணுக்குத் தெளிவாகும்படி வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் பல மாதம் லென்ஸைத் திட்டியவர்களை எனக்குத் தெரியும். வியூஃபைண்டர் இல்லாவிட்டால் தலையையும் கேமராவையும் சேர்த்து ஒரு கறுப்புத் துணியால் மூடுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

வெயிலில் 1/50 ஷட்டரை வைத்துக்கொண்டு எஃப் 22 வரை மூடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவ்வளவு மூடினால் ஒளி சிதறி முழுப் படமுமே மங்கும், அதை ஃபோகஸ் தப்பு என்று நினைத்து ரிங்கைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். லென்ஸுக்கு முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டர் போட்டு எஃப் 8-க்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

தோவாளை: பூச்சந்தையில் பிச்சிப்பூ குவியலில் ஃபோகஸ் வைத்து ஜூமை மாற்றினால் மங்கிவிடுகிறது.

போட்டோவுக்குச் செய்த ஜூம் லென்ஸ்களில் பெரும்பாலானவை அப்படித்தான். ஜூம் மாறினால் ஃபோகஸும் நகரும். ஒரு ஷாட்டுக்கு ஒரு ஜூம், மாற்றினால் மறுபடி ஃபோகஸ்.

மார்த்தாண்டம்: ரிங்கில் டேப் ஒட்டிக் குறி வைத்தேன், ஒரே குறிக்கு வேறு வேறு இடத்தில் ஃபோகஸ் விழுகிறது.

உங்கள் லென்ஸில் ரிங்குக்கும் கண்ணாடிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ரிங் கட்டளை கொடுக்கிறது, உள்ளே மோட்டார் நகர்த்துகிறது. வேகமாகத் திருப்பினால் அதிகம் நகரும், மெதுவாகத் திருப்பினால் குறைவாக நகரும், அதனால் குறி நிலைக்காது. சில கேமராக்களில் ரிங்கை லீனியராக, அதாவது வேகத்தைப் பார்க்காமல் திருப்பிய அளவுக்கே நகரும்படி, மாற்றும் வசதி மெனுவில் இருக்கிறது, முதலில் அதைத் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் பழைய மேனுவல் லென்ஸ் ஒன்றை அடாப்டரோடு வாங்கலாம், தூர எண்கள் ரிங்கிலேயே பொறித்திருக்கும். வாங்கினால் தூரத்து மலையை வைத்துச் சோதியுங்கள். அடாப்டர் தடிமன் கூடிவிட்டால் இன்ஃபினிட்டியே, அதாவது வெகுதூரத்து ஃபோகஸே, கிடைக்காது, குறைந்தால் இன்ஃபினிட்டியைத் தாண்டியும் ரிங் சுற்றும்.

கன்னியாகுமரி: மதியம் கரையிலிருந்து 200 எம்எம்மில் கண்ணாடிப் பாலத்தை எடுத்தேன். எப்படி வைத்தாலும் கூர்மை வரவில்லை.

அது காற்று. சூடான மணலுக்கும் பாறைக்கும் மேலே காற்று நடுங்குகிறது, எந்த லென்ஸாலும் அதைத் தாண்ட முடியாது. விடிந்த உடனே போங்கள். முன் கண்ணாடியையும் ஒருமுறை பாருங்கள், உப்புக்காற்று படிந்தால் பனி மூடியது போல இருக்கும். முதலில் ஊதித் தூசியைப் போக்கிவிட்டுத்தான் துணி வைக்க வேண்டும்.

முட்டம்: கோவிலில் (சர்ச்சில்) பொண்ணு நடுவழியே நடந்து வரும்போது ஃபோகஸைப் பின்தொடர முடியவில்லை அண்ணா, கை நடுங்குகிறது.

தங்கச்சி, இது எல்லோருக்கும் கஷ்டமான இடம். எஃப் 5.6-க்கு மூடி, அகலமான லென்ஸைப் போட்டு, பொண்ணுக்கும் உங்களுக்கும் மூன்று மீட்டர் இடைவெளி வைத்து, அவர்கள் நடக்கும் வேகத்திலேயே நீங்கள் பின்னோக்கி நடந்து போங்கள், ரிங்கைத் தொடவே வேண்டாம். பின்னால் யாராவது தோளைப் பிடித்து வழிகாட்டட்டும். நின்றுதான் எடுக்க வேண்டும் என்றால் பூசைக்கு முன்பே போய், ஐந்தாவது பெஞ்சு ஓரத்தில் ஃபோகஸ் வைத்துவிட்டுக் காத்திருங்கள், பொண்ணு மங்கலிலிருந்து அந்தப் பெஞ்சுக்கு வந்து சேரட்டும். முந்தின நாள் வீட்டு முற்றத்தில் யாரையாவது இருபது முறை நடக்கவிட்டுப் பழகுங்கள், கை நடுக்கம் தானாகக் குறையும்.