மீனவருக்கு மீன்துறை

அன்புள்ள ஐயா,

குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர் எனக்கு. எங்கள் ஊர் நூலகத்தில் லூர்தம்மாள் சைமன் படத்தைத் திறந்து வைக்க இளைஞர்கள் சிலர் ஏற்பாடு செய்துவருகிறோம். படத்தின் கீழே ‘தமிழ்நாட்டின் முதல் பெண் அமைச்சர், மீன்வளத் துறை’ என்று எழுதலாமா? துறைமுகம் ஒன்றுக்கு அவர் பெயரை வைக்கக் கோரி மனு கொடுக்கவும் எண்ணம் இருக்கிறது. ஆனால் எங்களில் ஒருவரே, “கடற்கரை ஓட்டுக்காகக் காமராஜர் உட்காரவைத்த பொம்மை அவர், ஐந்து வருடத்தில் என்ன செய்தார்?” என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ச.

*

அன்புள்ள ச.,

சிறியவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். அவர் முதல் பெண் அமைச்சர் அல்ல. 1946-இல் பிரகாசம் அமைச்சரவையில் ருக்மிணி லட்சுமிபதி இருந்தார். பிறகு ராஜாஜி அமைச்சரவையில் ஜோதி வெங்கடாசலம். ‘முதல்’ என்ற பட்டத்தை ஒட்டாமல் ஒருவரை மதிக்க நாம் எப்போது பழகப்போகிறோம் என்று தெரியவில்லை. துறைமுகத்துக்குப் பெயர் வைப்பதைப் பற்றி எனக்குத் தனியாகக் கருத்து இல்லை. மனு கொடுங்கள், கிடைத்தால் சந்தோஷம்.

அடுத்து, ‘பொம்மை’ என்று சொன்ன உங்கள் நண்பர். அவருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். 1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதன்பின் வந்த முதல் தேர்தல் 1957. குளச்சல் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று வென்றார் லூர்தம்மாள். குளச்சல் என்றால் கடலோர ஊர்கள் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் தென்னந்தோப்பும் வயலும் சேர்ந்ததுதான் தொகுதி. காமராஜரையும் சேர்த்து அந்த அமைச்சரவையில் இருந்தவர்கள் எட்டே பேர். சி. சுப்பிரமணியம், பக்தவத்சலம், ஆர். வெங்கட்ராமன், கக்கன் ஆகியோர் இருந்த வரிசை அது. அலங்காரத்துக்கென்று ஒதுக்க அங்கே நாற்காலி மிச்சம் இல்லை. குமரியைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரிய தெற்கெல்லைப் போராட்டத்தின் தலைவர் நேசமணி அதே சட்டசபையில் கிள்ளியூர் உறுப்பினர். அவர் இருக்கும்போதே குமரி மாவட்டத்திலிருந்து காமராஜர் தேர்ந்தெடுத்தது முக்குவர் என்ற மீனவச் சமூகத்துப் பெண் ஒருவரை. இதில் அரசியல் கணக்கு இருந்திருக்கும். கணக்கில்லாமல் அமைச்சரவை அமைத்தவர் எவர்? மற்ற ஆறு பேரைச் சேர்த்ததிலும் வட்டாரக் கணக்கும் சாதிக் கணக்கும் இருந்தன. அவர்களை யாரும் பொம்மை என்பதில்லை. கடற்கரைப் பெண் என்றதும் மட்டும் அந்தச் சொல் நாக்கில் வந்துவிடுகிறது. அதைச் சொல்பவர் கடற்கரைக்காரராகவே இருப்பதுதான் எனக்கு வலிக்கிறது.

இனி, உங்கள் கடிதத்தை மூடிவைத்துவிட்டு வேறு வேலை பார்க்க முடியாமல் என்னைத் தடுத்த இடத்துக்கு வருகிறேன். படத்தின் கீழே எழுதப்போகும் அந்த ‘மீன்வளத் துறை’.

அவரிடம் மீன்வளம் இருந்தது உண்மை. இயந்திரப் படகும் நைலான் வலையும் நம் கரைகளுக்கு வரத் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலம் அது, அந்தத் துறை சிறியதும் அல்ல. ஆனால் அவர் கையில் இருந்த பெரிய துறை உள்ளாட்சி. சென்னைப் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது 1958-இல். அதன்படி மாநிலம் முழுவதும் 370-க்கும் மேற்பட்ட பஞ்சாயத்து ஒன்றியங்கள் அடுத்த சில வருடங்களில் உருவாயின. ஆரம்பப் பள்ளி, கிராமச் சாலை, குடிநீர்க் கிணறு எல்லாம் அவற்றின் பொறுப்புக்கு வந்தன. இன்று நீங்கள் ‘யூனியன் ஆபீஸ்’ என்று சொல்லும் அந்தக் கட்டடம் மாநிலத்தின் ஒவ்வொரு மூலையிலும் எழுந்த வருடங்களில் உள்ளாட்சித் துறை அமைச்சர், மணக்குடி முதல் நீரோடி வரை நீளும் நம் கரையின் மகள். தஞ்சாவூர் வயல்காட்டுக்கும் கோயம்புத்தூர் பருத்திக்காட்டுக்கும் அவர்தான் அமைச்சர். அதை விட்டுவிட்டு மீனை மட்டும் எடுத்து எழுதப்போகிறீர்கள்!

இது உங்கள் தவறு மட்டுமல்ல, எழுபது வருடப் பழக்கம். தூத்துக்குடியின் ரோச் விக்டோரியா குமாரசாமி ராஜா அமைச்சரவையில் இருந்தபோது உணவோடு மீன்வளமும் அவரிடம் வந்தது. 2006-இல் திருவொற்றியூர் கே.பி.பி. சாமி அமைச்சரானார், மீன்வளம். ராயபுரம் ஜெயக்குமார் சபாநாயகராக இருந்தவர், 2017-இல் சில மாதங்கள் நிதித்துறையையே பார்த்தவர். அவரையும் மீன்வளத் துறை அமைச்சராகத்தான் ஊர் நினைவில் வைத்திருக்கிறது. மீனவர் சட்டசபைக்குப் போனால் மீனைப் பற்றிப் பேசவேண்டும், அமைச்சரானால் மீனைப் பார்த்துக்கொள்ளவேண்டும். அதற்கு மேல் அவருக்கு வேலை இல்லை என்று கட்சிகள் எல்லாம் சேர்ந்து முடிவு செய்திருக்கின்றன. நம்மவர்களும் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு மாலை போடுகிறார்கள்.

தடைக்கால நிவாரணம், டீசல் மானியம், துறைமுகம் எல்லாம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு கடற்கரைக் குடும்பம் கடலில் இருக்கும் நேரம் போக மீதி வாழ்க்கை முழுவதும் கரையில்தானே நடக்கிறது? வீட்டு மனைக்குப் பட்டா வருவாய்த் துறையிடம். 2004 டிசம்பர் 26-ஐ எண்ணிப் பாருங்கள். கொட்டில்பாட்டிலும் குளச்சலிலும் அலைக்குத் தப்பி உள்பக்கம் ஓடியவர்களுக்கு எமனாக நின்றது ஏ.வி.எம். கால்வாய். திருவிதாங்கூர் மகாராஜா காலத்தில் படகுப் போக்குவரத்துக்காக வெட்டிய கால்வாய், பிற்காலத்தில் தூர்ந்து சேறும் கழிவுமாகக் கிடந்தது. அதில் விழுந்து எழ முடியாமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதை உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். அந்தக் கால்வாயைத் தூர்வாரும் அதிகாரம் எந்த மீன்வள அமைச்சருக்கும் இருந்ததில்லை. ஒக்கிப் புயலில் 2017-இல் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆட்கள் நடுக்கடலில் தத்தளித்தபோது கப்பலும் விமானமும் கேட்டு நம் சனம் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தது. அந்தக் கோரிக்கையும் மீன்துறை அலுவலகத்தின் கதவைத் தட்டித் தீர்வதாக இல்லை.

எனக்கு இது புத்தகத்திலிருந்து கிடைத்த விஷயம் அல்ல. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் வீட்டுக்குக் கடவப் பெட்டியில் மீன் கொண்டுவரும் ஓர் அக்கா இருந்தார். புறவாசல் படியில் உட்கார்ந்து அம்மாவோடு அரைமணி நேரம் பேசாமல் போகமாட்டார். கணவர் இல்லை, மூன்று பிள்ளைகள். அவர்கள் தெருவில் கிணறு உப்பாகிவிட்டது, நல்ல தண்ணீர்க் குழாய் வேண்டும் என்று மனு எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் தாளை வாங்கியவர் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு, இது மீன்துறைக்குப் போகவேண்டிய மனு என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மீன்துறையில் போய்க் கேட்டால், குடிநீர் எங்கள் வேலையில்லை என்றார்கள். மறுவாரம் வந்து, படியில் கடவத்தை இறக்கி வைத்துவிட்டு அந்த அக்கா கேட்டார்: “நாங்கள் குடிப்பதும் தண்ணீர்தானே தம்பி, மீனெண்ணெய் இல்லையே?” பிறகு அவரே, மனுவில் ‘மீனவர்’ என்ற சொல் ஓர் இடத்திலும் வராமல் திருப்பி எழுதித் தா என்றார். அப்படியே எழுதினேன். குழாய் வர வருடங்கள் ஆயின, அதுவும் ஒரு தேர்தலுக்கு முன்னால். ஆனால் தாளை வாங்கிக்கொண்டார்கள். தன் அடையாளத்தை மறைத்தால்தான் குடிதண்ணீர் கேட்க முடியும் என்று ஒரு பெண் அலுவலக வராந்தாவில் நின்று கண்டுபிடித்திருக்கிறார். அந்த நாளின் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

2021 டிசம்பரில் குளச்சல் பஸ் நிலையத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய மூதாட்டியை நாற்றம் என்று சொல்லி அரசு பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் ஆனார்கள். அறுபத்து நான்கு வருடத்துக்கு முன் இதே குளச்சல் ஒரு கடற்கரைப் பெண்ணை மாநிலம் முழுமைக்கும் உள்ளாட்சி அமைச்சராக்கி அனுப்பியிருந்தது. அந்த நினைவு ஊரில் உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பாட்டியை இறக்கிவிடக் கை வந்திருக்குமா? உறுதியாகச் சொல்ல முடியாது. இருந்தாலும் அந்த நினைவை மீனுக்குள் சுருக்கி வைத்ததில் நமக்கும் பங்கு உண்டு.

ஆகவே படத்தின் கீழே ‘உள்ளாட்சித் துறை அமைச்சர், 1957–62’ என்று முதலில் எழுதுங்கள். மீன்வளத்தை அதன் பின்னால் சேருங்கள். வரிசை மாறக் கூடாது. விழாவுக்கு வரும் அரசியல்வாதி யாராக இருந்தாலும் அவர் அதைத்தான் முதலில் வாசிக்கவேண்டும்.

உங்கள் நண்பர் கேட்ட ‘என்ன செய்தார்’ என்ற கேள்வி நல்ல கேள்விதான், கேட்ட தொனிதான் கெட்டது. அதற்கு உட்கார்ந்த இடத்தில் பதில் கிடைக்காது. அந்த ஐந்து வருடச் சட்டசபை நடவடிக்கைக் குறிப்புகள் அச்சில் இருக்கின்றன. யார் என்ன கேட்டார், அமைச்சர் என்ன சொன்னார் என்பதெல்லாம் தொகுதி தொகுதியாக இருக்கிறது. அவர் ஒரு தவணை மட்டுமே உறுப்பினராக இருந்தவர், 2002-இல் மறைந்தார். அவர் இருக்கும்போது போய்க் கேட்க நம்மில் எவருக்கும் தோன்றவில்லை. படத் திறப்பை இரண்டு மாதம் தள்ளிப்போடுங்கள், குடிமுழுகிவிடாது. உங்கள் குழுவில் இரண்டு பேர் சென்னைக்குப் போய், உள்ளாட்சி மானியக் கோரிக்கை விவாதங்களில் அவர் பேசியதை நகலெடுத்து வாருங்கள். அந்த நண்பரையே முதல் ஆளாக அனுப்புங்கள். பயணச் செலவில் பாதி என் பொறுப்பு. கொண்டுவந்ததை எனக்கு அனுப்பினால் வரிக்கு வரி படித்து, எது செய்தார், எது செய்யவில்லை என்று எழுதுகிறேன்.