நவம்பரிலிருந்து அழைப்பு ஒரு மணி நேரம் தள்ளிப் போவது ஏன்?

டொராண்டோவில் இருக்கும் நண்பர் நவம்பரிலிருந்து வழக்கமான அழைப்புக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறார், என்னைத் தவிர்க்கிறாரோ என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நண்பர் உங்களைத் தவிர்க்கவில்லை. அவர் ஊர்க் கடிகாரம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

டொராண்டோவில் நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். அவர் வழக்கம்போலத் தன் காலை 9 மணிக்குத்தான் வருகிறார். உங்கள் ஊரில் கடிகாரம் மாறுவதில்லை என்கிறீர்கள். அதனால் உங்களுக்கு அது ஒரு மணி நேரத் தாமதமாகத் தெரிகிறது. மார்ச் இரண்டாம் ஞாயிறு பழையபடி ஆகிவிடும்.

சந்தேகம் இருந்தால் கைப்பேசியின் உலகக் கடிகாரத்தில் டொராண்டோவைச் சேர்த்துப் பாருங்கள். நீங்கள் காத்திருக்கத் தொடங்கும்போது அங்கே மணி 8 என்று காட்டினால் இதுதான் காரணம். அப்புறம், வாய்ப்பேச்சாக வைத்த நேரத்தை நாள்காட்டிச் செயலியில் போட்டு அவருக்கும் அழைப்பு அனுப்புங்கள். யாருடைய நேர மண்டலத்தில் போடுகிறீர்களோ அவருக்கு நேரம் மாறாது, மற்றவருக்கு மாறும். வேலைக்குக் கிளம்பும் அவசரம் யாருக்கு அதிகமோ அவருடையதில் போடுவது நல்லது. (நான் இதைப் புரிந்துகொள்வதற்குள் ஒரு சண்டையே போட்டு முடித்திருந்தேன்.)

ஒன்று மட்டும்: லண்டன் நண்பரையும் சேர்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். ஐரோப்பாவில் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில்தான் மாற்றுவார்கள். இடைப்பட்ட வாரங்களில் மூவர் கணக்கும் குழம்பும். அப்போது மட்டும் முதல் நாளே ஒரு குறுஞ்செய்தி போட்டுவிடுங்கள்.